நெட்டோட்டப் பயிற்றுநர்

கவிதைக்குரிய மேடையில் ஓட்டத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அலுவலகமும் வகுப்பறையும் கடையும் விட்டுவைத்த நேரத்தில், ஊதியம் கருதாது, பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிப் பாப்புனைந்து வரும் ஒரு மன்றத்தார்க்கு, அதே போல் ஊதியம் கருதாது ஓடுகிறவர்களின் வரலாறு அயலானதாக இராது. மேலைநாட்டார் இத்தகையோரை 'அமெச்சூர்' என்பர். அன்பு செய்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் 'ஆர்வலர்' என்பது அதற்கு மிகப் பொருந்தும். வள்ளுவரும் அச்சொல்லை அன்புடையார் என்னும் பொருளிலேயே ஆண்டிருக்கிறார். நாளடைவில் 'அமெச்சூர்' என்றால் அரைகுறை என்னும் இழிபொருள் அங்கே ஏறிவிட்டது. ஆர்வலர் என்னும் சொல்லுக்கு அந்த இழிவு இன்னும் நேரவில்லை. அது நம் மொழியின் நற்பேறு.

மாரத்தான் என்னும் நெட்டோட்டத்தின் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்திற்கு முன் முடியுமாறு வகுத்த வழியின் நீளம் அது. 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. ஆக, அந்தக் கடைசி 195 மீட்டருக்கு அரசியின் இருக்கையைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆனால் அதை ஓடி முடிப்பவர்க்குத்தான் தெரியும், அந்த 195 மீட்டரும் எவ்வளவு நீளம் என்பது.

பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவரை, பிறவியிலேயே ஓட்டக்காரர் என்று யாராலும் சொல்லப்படாத ஒருவரை, அத்தொலைவுக்கு ஆயத்தப்படுத்துவது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கி விடை தேடியவர் நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்டு.

1917இல் பிறந்த லிடியார்டு, காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உடற்கல்விப் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். ரக்பி ஆடிய உடம்பு. அதனால் தமக்கு நல்ல உடல்வலிமை உண்டு என்றே நம்பியிருந்தார். இருபத்தேழு வயதளவில், தம்மினும் மூத்தவரான ஓட்டச் சங்கத்து நண்பர் ஒருவர் தம்முடன் ஐந்தாறு மைல் ஓடிவருமாறு அழைத்தார். ஓடி முடித்தபோது மூத்தவர் இயல்பாக நின்றார். இளையவர் மூச்சு முட்டித் தவித்தார். இந்த வயதிலேயே இப்படி என்றால் நாற்பத்தேழில் என்ன ஆவோம் என்னும் அச்சமே அவரை ஓட வைத்தது. பதக்க ஆசை அன்று, முதுமையச்சம். பிற்காலத்தில் நடுவயதினரும் நோயுற்றவரும் அவரிடம் வந்தபோது அவர்களுடைய நெஞ்சை அவர் எளிதில் உணர்ந்ததற்கு இத்தொடக்கமே காரணமாதல் வேண்டும்.

அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் ஓடிப் பார்த்தார். குறைத்தும் மிகுத்தும், விரைந்தும் மெல்லவும், வாரத்திற்கு நூறு மைலுக்கு மிக மேற்பட்டும் ஓடினார்; எது உடலை வளர்க்கிறது, எது உடைக்கிறது என்று கண்டறிந்தார். 1950இல் ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுகளின் மாரத்தானில் பதின்மூன்றாவதாக வந்தார். 1953இலும் 1955இலும் நாட்டின் மாரத்தான் வாகையைச் சூடினார். குடும்பச் செலவுக்காகத் தொழிற்சாலை வேலையோடு பால் வினியோகமும் செய்த காலம் அது.

அக்காலத்துப் பயிற்றுநர்கள் பெரிதும் போற்றியது, 400 மீட்டர் போன்ற குறுந்தொலைவைப் பன்முறை விரைந்தோடி இடையிடையே இளைப்பாறும் முறையாகும். லிடியார்டு இதனைத் தள்ளிவிடவில்லை. இடம் மாற்றி வைத்தார். முதல் இரண்டு மூன்று திங்கள் நெடுந்தொலைவு ஓட்டம் மட்டுமே. பின்னர் நான்கு வாரம் அளவில் மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி. அதன்பின்னரே விரைவோட்டம். இறுதியில் பந்தயத்திற்கேற்ற கூர்மையும் ஓய்வும். அடித்தளம் இடாமல் மாடம் எழுப்பலாகாது என்பது கட்டடம் கட்டுவோர் அறிந்ததே. ஓட்டக்காரரின் உடலிலும் அதுவே நடக்கிறது என்பதை அவர் கண்டார்.

அந்த அடித்தளம் யாது? மெல்ல நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் முன்னினும் மிகுதியான குருதியை வெளித்தள்ளக் கற்கிறது. தசைகளில் நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் ஆக்கும் உயிரணு உறுப்புகள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் உடலுக்கு வருகிறது. இது முக்கியமானது. ஏனெனில் தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள மாச்சத்தாகிய கிளைக்கோசன், விரைந்தோடுபவர்க்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டிப் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் கால்கள் ஈயமாகின்றன, அறிவும் மங்குகிறது. ஓட்டக்காரர்கள் அவ்விடத்தைச் 'சுவர்' என்கின்றனர். தொடக்கத்தில் பொறுமையிழந்து விரைந்தவர், அந்தச் சுவரில் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

இதனால் லிடியார்டின் கட்டளைகளுள் தலையாயது, உடன் ஓடுபவருடன் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடுக என்பதாயிற்று. பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். கருவி வேண்டா, கடிகாரம் வேண்டா. இதைக் காட்டிலும் எளிய அளவுகோலை இன்றுவரை எவரும் கண்டுபிடித்துத் தரவில்லை எனலாம். மணிக்கட்டில் கட்டிய கருவி இதயத்துடிப்பை எண்ணிக் காட்டும் இந்நாளிலும், நல்ல பயிற்றுநர் முதலில் கேட்பது, "பேச முடிகிறதா?" என்றுதான்.

அவரிடம் பயின்றவர்கள் உலகெங்கும் தேடிப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஒவைராக்கா என்னும் ஆக்லாந்துப் புறநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த இளைஞர்கள். வேலைக்குச் சென்று திரும்பியபின் ஓடியவர்கள். ஞாயிறுதோறும் வையாட்டருவா வழியாக வைட்டாக்கரே மலைத்தொடரில் ஏறியிறங்கும் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர், அவர்களது மாறாக் கடமை. மாரத்தான் ஓடுபவர் மட்டுமல்லர், 800 மீட்டர் ஓடுபவரும் அந்த மலைச்சாலையில் சென்றாக வேண்டும். இரண்டு நிமிடத்திற்குள் முடியும் பந்தயத்திற்கு இரண்டரை மணி நேர ஓட்டம் எதற்கு என்று பிறர் நகைத்தனர். 1960 செப்டம்பர் 2ஆம் நாள் உரோமில் அந்நகைப்பு ஓய்ந்தது. அன்று பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், சிறிது நேரத்திற்குள் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். ஹால்பர்க் இளமையில் ரக்பி ஆட்டத்தில் காயமுற்று இடக்கை முடங்கியவர். ஸ்னெல் 1961 டிசம்பரில் ஒரு மாரத்தானை 2 மணி 41 நிமிடத்தில் ஓடினார். அடுத்த திங்களே, 1962 சனவரி 27ஆம் நாள், வாங்கனுய் நகரின் புல்தரையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார்.

வாகைகளின் கதை இவ்வளவு போதும். அவையின் சிந்தனைக்கு உரியது, அதன்பின் நடந்ததே.

உரோம் வெற்றிக்குப்பின், 1960களின் தொடக்கத்தில், நடுவயதைக் கடந்த ஆக்லாந்து மக்கள் சிலர் லிடியார்டைச் சூழ்ந்தனர். வணிகர்கள், அலுவலர்கள், வயிறு பெருத்தவர்கள். அவர்களுள் மாரடைப்பு வந்து தேறியவர்களும் இருந்தனர். அக்கால மருத்துவ வழக்கத்தில் மாரடைப்பு வந்தவருக்கு நீண்ட படுக்கையோய்வே விதி; மாடிப்படி ஏறுவதும் அச்சத்துக்குரியது. அத்தகையோரைச் சாலையில் இறக்கி ஓடச் சொல்வது எளிய செயலன்று. ஒருவர் வீழ்ந்திருந்தால் பழி முழுதும் பட்டமில்லாத இந்தக் காலணித் தொழிலாளியின் தலைமேல் விழுந்திருக்கும். அவர் கொடுத்த மருந்து சிறிது: விளக்குக் கம்பத்திலிருந்து விளக்குக் கம்பம் வரை மெல்ல ஓடுவது, அடுத்ததுவரை நடப்பது போன்ற அளவே. போட்டி கூடாது. ஒருவரையொருவர் முந்தக் கூடாது. பேச்சு நிற்கக் கூடாது. இவ்வாறு தோன்றியது ஆக்லாந்து மெல்லோட்டக் கழகம். ஆர்வலர்க்கென்றே அமைந்த இத்தகைய கழகங்களுள் உலகில் முற்பட்டது அதுவே என்பர்.

1962 டிசம்பரில், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் பில் பவர்மேன் தம் மாணவர் அணியுடன் நியூசிலாந்து வந்தார். உலகச் சாதனை படைத்த அணிக்கு ஆசான், வயது ஐம்பத்தொன்று. ஞாயிறு காலை மெல்லோட்டத்திற்கு லிடியார்டு அவரை அழைத்துச் சென்றார். சிறிது தொலைவிலேயே பவர்மேன் பின்தங்கிவிட்டார். எழுபதைக் கடந்த, மாரடைப்புகளைக் கண்டு மீண்ட முதியவர் ஒருவர் அவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே உடன் வந்தாராம். பிறரை ஓட வைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத் தம்மால் ஓட முடியாது என்பது அன்று விளங்கியது. நாடு திரும்பிய பவர்மேன் 1963இல் யூஜீன் நகரில் பொதுமக்களைத் திரட்டி மெல்லோட்டம் பயிற்றினார். இதயநோய் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அதுபற்றி நூலும் எழுதினார். அந்நூல் அமெரிக்கரை இலட்சக்கணக்கில் சாலைக்கு அழைத்து வந்தது. பெரும்புகழ் காலணி நிறுவனம் ஒன்றின் நிறுவனர் இருவருள் ஒருவராகவே பவர்மேனை இன்று பலர் அறிவர். அந்த முதியவருக்குத்தான் அந்த நிறுவனம் முதற்பங்கு கொடுத்திருக்க வேண்டும்!

அவையீர்! ஆர்வலரைப் பயிற்றுவிப்பதில் உள்ள உண்மையான இடர் எங்கே இருக்கிறது என்பதை இங்கே சற்று விரித்துரைப்பது தகும். சோம்பலால் வராதவரை வரவழைப்பது கடினம் என்று பலரும் எண்ணுவர். அது கடினமன்று, ஒரு நண்பர் வாயிலில் வந்து நின்று கதவைத் தட்டினால் எவரும் எழுந்து வருவர். கடினமானது, இரண்டாம் திங்களில் வரும் மகிழ்ச்சியை அடக்குவது. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு சீராகிறது, நெஞ்சு இலேசாகிறது, நேற்றுவரை முடியாதது இன்று முடிகிறது. ஆனால் நரம்புபோல் இறுகிய தசைநாண்களும் எலும்புகளும் புதிய சுமைக்குப் பழகப் பல திங்கள் ஆகும். நெஞ்சம் ஓடு என்கிறது. கணுக்கால் இன்னும் கேட்டறியவில்லை. ஆர்வலர் பலர் முடங்குவது இந்த இடைவெளியில்தான். மும்மடங்கு ஓடிவிட்டு முழந்தாள் வீங்கி வருவர். முதல் மூன்று வெண்பாவைக் கவியரங்கில் பாராட்டிவிட்டால் மறுவாரமே காப்பியம் தொடங்கும் இளைஞரை இம்மன்றமும் கண்டிருக்கும். அவரைச் சோர்வடையச் செய்யாமல் கையைப் பற்றி நிறுத்துவது எவ்வளவு நுட்பமான பணி என்பதை இங்குள்ள மூத்த பாவலர்கள் அறிவார்கள். பயிற்றுநர் தரும் ஊக்கத்தை எல்லாரும் புகழ்வர். அவர் தரும் தடைக்கு நன்றி சொல்வோர் அரியர்.

லிடியார்டின் முறையும் இதே அவாவினால் பழுதுபட்டதுண்டு. வாரத்திற்கு நூறு மைல் என்னும் எண் உலகெங்கும் பரவியது; அதற்குரிய வேகமும் படிநிலையும் அவ்வளவாகப் பரவவில்லை. எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வரும் குடும்பத்தலைவர் அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதால் பயன் இல்லை. அதனாலேயே இன்று ஆர்வலர்க்குப் பயிற்சி வகுப்போர், தொலைவை எண்ணாமல் நேரத்தை எண்ணச் சொல்கின்றனர். பதினாறு முதல் இருபது வாரம். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டம். வார இறுதியில் ஒரு நெடிய ஓட்டம். அந்நெடிய ஓட்டமும் முப்பது கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிடும். பந்தயத்திற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். முழுத் தொலைவையும் முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டும் என்று புதியவர் அடம்பிடிப்பதுண்டு. கூடாது. அவ்வாறு ஓடியவர் பந்தயத்தைப் பயிற்சியிலேயே செலவழித்துவிடுவார்.

மற்றொரு பழுது இதனினும் பெரிது. 1970களில், மாரத்தான் ஓடி முடித்தவருக்கு இதயக்குழாய் அடைப்பு நோய் வாராது என்று தாமசு பாசுலர் என்னும் அமெரிக்க மருத்துவர் உறுதி கூறினார். ஓடுவோர் அதனை வேதவாக்காகக் கொண்டனர். 1979இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிமதி நோக்சும் அவருடன் ஆய்ந்தோரும், மாரத்தான் ஓடியவர்களிடமும் அந்நோய் இருந்ததைப் பிணஆய்வுச் சான்றுடன் வெளியிட்டனர். ஓட்டத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூலை 1977இல் எழுதிய சிம் ஃபிக்சு, 1984 சூலையில், ஐம்பத்திரண்டாம் வயதில், ஓடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் மாண்டார். அவருடைய தந்தையும் இளவயதிலேயே இதயநோயால் இறந்தவர். ஓட்டம் நன்மை செய்வது மெய். அது காப்பீட்டுப் பத்திரம் அன்று. மெல்ல மெல்ல ஏற்றிய பயிற்சி இதயநோயாளரையும் தேற்றும் என்று ஆக்லாந்தில் கண்டதைப் பிற்கால மருத்துவம் பெரிதும் ஏற்றுக்கொண்டது. கனடாவின் டொரொன்டோ நகரில் மருத்துவர் டெரன்சு கவானா பயிற்றிய மாரடைப்பு நோயாளர் சிலர் 1973இல் பாஸ்டன் மாரத்தானையே ஓடினர். ஆனால் அங்கே ஒவ்வோர் அடியும் மருத்துவர் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. நெஞ்சில் வலி என்று சொல்லும் ஆர்வலரிடம் "ஓடினால் சரியாகிவிடும்" என்பவர் பயிற்றுநர் அல்லர்.

ஆர்வலரின் மாரத்தானுக்கு மிக அழகிய வடிவம் கிடைத்தது அவாய் தீவுகளில் எனலாம். ஒனலூலு மாரத்தான் 1973 டிசம்பரில் தொடங்கியது. இதயநோய் மருத்துவர் சாக் ஸ்காஃப், கப்பியோலானி பூங்காவில் ஞாயிறு காலைகளில் புதியவர்களைக் கூட்டி ஓடக் கற்பித்தார். லிடியார்டின் நெறியே அதன் அடிப்படை: பேசிக்கொண்டே ஓடு, மெல்ல ஓடு, நீர் அருந்து. அந்தப் பந்தயத்திற்குக் கால வரம்பு இல்லை. எத்தனை மணி நேரம் ஆனாலும் கடைசியாக வருபவரும் வந்து சேர்ந்தவரே. நீர் அருந்துவதிலும் அளவு வேண்டும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2002ஆம் ஆண்டுப் பாஸ்டன் மாரத்தானில் குருதி ஆய்வுக்குட்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினரின் குருதியில் உப்பு குறைந்திருந்தது. மிகுதியாக நீர் பருகியதே அதற்குத் தலையாய காரணம். நா வறண்டபோது பருகுக என்னும் பாட்டி வைத்தியத்துக்கே அறிவியல் திரும்பி வந்தது.

பெண்களைப் பற்றிய மூடநம்பிக்கையும் ஆர்வலர் சாலையில்தான் உடைந்தது. ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்கு மேல் பெண்கள் ஓட இடமில்லாதிருந்த 1964ஆம் ஆண்டில், அதே ஆக்லாந்தில் மில்லி சாம்ப்சன் என்னும் பெண்மணி மாரத்தானை 3 மணி 19 நிமிடம் 33 நொடியில் ஓடினார். அதுவரை பெண் எவரும் அவ்வளவு விரைவில் ஓடியதாகப் பதிவில்லை. ஒலிம்பிக் கதவு திறக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1984இல் லாஸ் ஏஞ்சலிசில் சோன் பெனாய்ட் முதல் வாகை சூடினார். அதிகாரம் உள்ள குழுக்கள் கூடி முடிவெடுப்பதற்குள் ஆர்வலர்கள் ஓடிமுடித்துவிடுகிறார்கள்.

பந்தய நாளில் பயிற்றுநர் செய்யக்கூடியது யாது? அறவே ஒன்றுமில்லை எனலாம். தொடக்கக் கோட்டில் நிற்கும் ஆர்வலருக்கு அன்று கால்கள் பஞ்சு, ஓய்வெடுத்த உடல், சுற்றிலும் ஆரவாரம். முதல் ஐந்து கிலோமீட்டரில் எல்லாரும் தம்மை முந்திச் செல்வதைப் பார்த்துக்கொண்டு பேசாதிருக்க வேண்டும். அந்த ஒரு பொறுமைக்காகவே இருபது வாரப் பயிற்சி. அங்கே வாயிலில் வந்து கதவைத் தட்டுபவரும் இல்லை, கையைப் பற்றி நிறுத்துபவரும் இல்லை.

உரோம் ஒலிம்பிக்கின் மாரத்தான், தங்கம் இரண்டும் கிடைத்த நாளுக்கு எட்டு நாள் கழித்து, 1960 செப்டம்பர் 10ஆம் நாள் மாலையில் தொடங்கியது. இருட்டியபின் பழைய ஆப்பிய நெடுஞ்சாலையில் படைவீரர்கள் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் கான்ஸ்டன்டைன் வளைவை அடைந்தார். மொராக்கோவின் ராடி இரண்டாவதாக வந்தார். அவ்விருவருள் பிகிலாவை உலகம் அன்றுதான் அறிந்தது. லிடியார்டின் ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் பழகிய பாரி மகீயும் அப்பந்தயத்தில் இருந்தார். அவர்களைத் துரத்திப் பிடிக்கும் ஆசையில் அவர் தம் வேகத்தைச் சிதறவிடவில்லை. 2 மணி 17 நிமிடம் 18 நொடியில், மூன்றாமவராக, தீப்பந்த வெளிச்சத்தில் தனியாக ஓடி வந்து சேர்ந்தார். மூன்று திங்கள் கழித்து, சப்பானின் ஃபுகுவோகா மாரத்தானில் அவரே முதல்வர்.

லிடியார்டு 2004 டிசம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் காலமானார். அப்போது வயது எண்பத்தேழு. ஊர் ஊராகச் சென்று ஓட்டத்தைப் பற்றிப் பேசும் பயணத்தின் நடுவில் இருந்தார்.